கொஞ்சமாத் தோத்த நாள்

தனியாச் சிரிக்கிற பொம்பள பக்கத்துல வந்து உக்காந்துட்டோமேன்னு பயந்துறாதீங்க க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். காலையில இருந்து இப்படித்தான், நினைச்சு நினைச்சுச் சிரிப்பு வருது. மாட்டுத்தாவணியில டீ குடிக்கும்போது சிரிச்சுப் புரையேறி, டீக்கடைக்காரரு ஓடி வந்து தண்ணி குடுத்தாரு. அந்தப் பைய இப்படிக் குடுங்க, என் மடியில வச்சுக்கிறேன். எதுவரைக்கும் போறீங்க? கோவில்பட்டியா? அப்பப் பேச நேரம் இருக்கு. நான் சாத்தூரு. பேரு ஜெயக்கனி. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சரா இருந்தேன். இப்ப ஷேர் மார்க்கெட்.

வேலைதான் க்கா. முழுநேர வேலை. பாத்தீங்களா, உங்க முகமும் அப்படிப் போகுது! எல்லாரு முகமும் அப்படித்தான் போகும். எங்க தெருவுல ஒரு ஆளு விடாம "வீட்டுல சும்மாதான இருக்கீங்க டீச்சர், இந்தப் பார்சல் வந்தா வாங்கி வைங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது. காலையில ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்தா மூன்றரைக்குத்தான் மூடும். பள்ளிக்கூடம் மாதிரியேதான், மத்தியானச் சாப்பாட்டு பெல்லு மட்டும் கிடையாது.

மணி என்ன ஆச்சு? பன்னெண்டு பத்தா? சும்மாதான் கேட்டேன். இன்னிக்கு நான் லீவு. போனையே பாக்க மாட்டேன். ஜிப்பு போட்டுப் பைக்குள்ள வச்சிருக்கேன் பாருங்க.

ஏன் டீச்சர் வேலைய விட்டேன்னு கேக்கணும்னு நினைக்கிறீங்க, கேக்கல. நானே சொல்றேன். விளையாட்டுப் பீரியட எல்லாம் கணக்கு வாத்தியார் எடுத்துக்கிட்டாரு. முதல்ல பத்தாவதுக்கு எடுத்தாரு. சரி, பரீட்சைன்னு விட்டேன். பிறகு ஒன்பதாவதுக்கு. கடைசியில ஆறாவதுப் பிள்ளைகளக்கூட விடல. என்னைக் கொண்டுபோய் வாசல் கேட்டுல நிக்க வச்சாங்க. எவன் டை கட்டல, எவன் ஷூவுக்குப் பாலிஷ் போடலன்னு பாக்கணும். மாநில அளவுல கோகோ ஆடுனவ க்கா நான்! ரெண்டு வருஷம் ஷூ பாத்தேன். அந்த ரெண்டு வருஷம்தான் போன்ல மார்க்கெட்டும் பாத்தேன். காசு போடாம, இன்னிக்கு இத வாங்குனேன், இந்த விலைக்கு வித்தேன்னு ஒரு நோட்டுல எழுதி எழுதிப் பாப்பேன். அந்த நோட்டுல எனக்குத் தோல்வியே கிடையாது. நான்தான் ராணி.

பிறகு என்ன, ராஜினாமாக் கடிதம் குடுத்துட்டு வந்துட்டேன். போன வருஷம் இதே ஏப்ரல்.

எங்க வீட்டுக்காரரு பேரு தனுஷ்கோடி. சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல பெரிய ஆப்செட் மெஷின் ஓட்டுறாரு. காலண்டரு, தீப்பெட்டி லேபிள் எல்லாம் அடிப்பாக. தங்கமான மனுஷன், ஆனா மார்க்கெட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் விஷயத்தச் சொன்னதும் முழுசாக் கேட்டுக்கிட்டாரு. கடைசியில, "ஒரு வருஷம் பாரு ஜெயா. வேலைய விட்டதுக்கு வந்த பணத்துல பாதிய பேங்க்குல போட்டுட்டு அதத் தொடாத"ன்னாரு. அவ்வளவுதான். நான்தான் அத ஒரு சட்டமா மாத்துனேன். பாதியத் தொடக் கூடாது, ஒரு வருஷம், வீட்டுச் செலவு இதுல இருந்து வரணும். வரலைன்னா மறுபடி டீச்சர் வேலைக்குப் போயிரணும். எல்லாம் நானே யோசிச்சுப் போட்ட சட்டம்.

வீட்டுச் செலவுன்னா பலசரக்கு, காய்கறி, பால், கேஸ், கரண்டு. வீட்டு வாடகையும் கோயம்புத்தூர்ல படிக்கிற பையன் பீஸும் அவரு பாத்துக்கிறாரு. அது வீட்டுச் செலவுல சேராதுல்ல க்கா?

இந்த ஏற்பாடு தெரிஞ்சதும் எங்க பூரணம் மதினி, அவரோட அக்கா, ஒரே பிடியாப் பிடிச்சுட்டாக. "சூதாட்டத்துக்கு ஒரு வருஷமா? என் தம்பி மெஷின்ல நின்னு நின்னு காலு வீங்குது, நீ நாற்காலியில உக்காந்து சூதாடுவியா?"ன்னு. அவங்களே மதுரையில தெரிஞ்ச பள்ளிக்கூடத்துத் தாளாளர்கிட்டப் பேசி, "எங்க வீட்டுப் பொண்ணு, நல்லா விசில் அடிக்கும், ஒரு வருஷம் கழிச்சு வரும், இடம் வைங்க"ன்னு சொல்லி வச்சுட்டாக. எனக்குத் தோல்வி உறுதின்னு அவ்வளவு நம்பிக்கை!

முதல் நாள் சொல்றேன் கேளுங்க. ஒன்பது இருபதுக்கு ஒரு பங்கு வாங்குனேன். ஒன்பது நாப்பதுக்கு வித்தேன். இருபதே நிமிஷத்துல ஒரு நல்ல குக்கர் வாங்குற காசு! எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. கழுத்துல பழக்கதோஷத்துல விசில் தொங்குச்சா, எடுத்து ஊதிட்டேன். ஏதோ விளையாட்டுன்னு நினைச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடி வந்து "ரெடியா?"ன்னு நிக்குது. மறுநாளும் லாபம். அதுக்கு மறுநாளும். மூணு வாரம் க்கா! தெருவுல நடந்தா காலு தரையில படல. வர்றவங்க போறவங்களப் பாத்தா பாவமா இருக்கும், 'இவங்க எல்லாம் ஏன் வேலைக்குப் போறாங்க?'ன்னு.

அப்பத்தான் ஆப்ஷனுக்குப் போனேன். அது ஒரு சீட்டு மாதிரி. மார்க்கெட் ஏறும்னு நினைச்சா ஒரு சீட்டு, இறங்கும்னு நினைச்சா வேற சீட்டு. நினைச்சது நடந்தா ஒண்ணு அஞ்சாகும். நடக்கலைன்னா அந்த வாரக் கடைசியில சீட்டு செத்துப் போகும். ஜூன் மாசம் ஒரு நாள் மத்தியானம், ஏறும்னு வாங்குனேன். நிறைய வாங்குனேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இறங்குச்சு. 'இப்பத் திரும்பும்'ன்னு பாத்தேன். இன்னும் இறங்குச்சு. விலை குறைஞ்சிருக்கேன்னு இன்னும் கொஞ்சம் வாங்குனேன். அடுப்புல சாம்பாரு வத்திக் கரிஞ்ச வாடை வருது, எந்திரிக்க முடியல. கண்ணெடுத்தா அந்த நேரம் பாத்துத் திரும்பிருமோன்னு பயம். எங்கிட்டு க்கா திரும்புச்சு? நாப்பது நிமிஷத்துல நாலு மாசச் சம்பளம் போச்சு.

அடுப்ப அணைச்சுட்டு அடுப்படியிலயே தரையில உக்காந்துட்டேன். அழுகை வரல. ஆடுகளத்துல கீழ விழுந்தா, முட்டி உரிஞ்சதே முதல்ல தெரியாதுல்ல, அந்த மாதிரி இருந்துச்சு.

ஆறரைக்கு அவரு வந்தாரு. என் முகத்தப் பாத்தாரு. சட்டியப் பாத்தாரு. "சாப்ட்டியா?"ன்னு கேட்டாரு. "இல்ல"ன்னேன். வெளிய போயி நாலு புரோட்டா வாங்கிட்டு வந்து, பிச்சுப் போட்டு சால்னா ஊத்திக் குடுத்தாரு. வேற ஒரு வார்த்தை கேக்கல. அப்படியே மறைச்சுட்டேன் க்கா. இன்னிக்கு வரைக்கும் அவருக்கு அந்த விஷயம் தெரியாது.

ஆங், திருமங்கலம் வந்துருச்சா? ஏப்பா, வெள்ளரிக்காய் ரெண்டு கட்டு குடு. மிளகாப்பொடி நிறையத் தூவு. சாப்பிடுங்க க்கா. வெள்ளரிக்காயின்னா எங்க சாத்தூருதான், ஆனா பசிக்குது.

எங்க விட்டேன்? ஜூலை, ஆகஸ்ட்டு. அது ரெண்டும் கிறுக்குப் பிடிச்ச மாசம். விட்டத விட்ட இடத்துலயே பிடிக்கணும்னு ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது தடவை வாங்குவேன், விப்பேன். ஒவ்வொரு தடவைக்கும் கமிஷன், வரின்னு போகுதுல்ல. சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சா கபடி ஆடுன மாதிரி உடம்பு வலி. சம்பாதிச்சது ஒண்ணும் இருக்காது. போன்ல பேசுற பையன்கிட்ட எரிஞ்சு விழுவேன். பால்காரரு மணி அடிச்சா அவரு மேலயும் பாய்வேன்.

ஒரு புதன்கிழமை அச்சாபீஸ்ல மெஷின் ரிப்பேருன்னு அவரு வீட்டுல இருந்தாரு. பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. படிக்கிறாருன்னு நினைச்சேன். என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. சாப்பிடும்போது மெதுவாக் கேட்டாரு.

"ஜெயா, எங்க மெஷின்ல ஒரு ஷீட்டுல கலர் தள்ளி விழுந்தா என்ன செய்வோம் தெரியுமா?"

"என்ன செய்வீங்க?"

"உடனே நிறுத்திருவோம். அந்த ஒரு ஷீட்டு வேஸ்டு, போகட்டும்னு தூக்கிப் போட்டுட்டு, சரி பண்ணிட்டுத்தான் திரும்ப ஓட்டுவோம். தானாச் சரியாயிரும்னு ஆயிரம் ஷீட்டு ஓட்டிப் பாக்க மாட்டோம். நீ என்னத்துக்கு நிறுத்தாம ஓட்டுற?"

"அது வேற, இது வேற. உங்களுக்கு மார்க்கெட் தெரியாது, சும்மா சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டேன். மனுஷன் சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க! எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. வாங்கும்போதே, 'இந்த விலைக்குக் கீழ போனா தானா வித்துரு'ன்னு போட்டு வச்சுட்டா என்ன? ஸ்டாப் லாஸ்னு சொல்வாங்க. எனக்கு அந்த வார்த்தை ரெண்டு வருஷமாத் தெரியும், நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதியிருந்தேன். செஞ்சதுதான் கிடையாது. தோத்துட்டு வெளிய வர மனசு வரணும்ல? ஆட்டக்காரிக்கு அது சும்மா வராது க்கா. அதோட ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு தடவைதான் வாங்குறது, ஆப்ஷன் பக்கமே போறதில்லன்னும் முடிவு பண்ணேன். மூணாவது தடவை கை போனா விசில எடுத்து நானே ஊதிக்கிருவேன். அந்தக் குழந்தை பாவம், ஓடி ஓடி வரும்.

அப்புறம் என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல! அதுதான் க்கா இந்த வேலையில ரொம்பக் கஷ்டம். காலையில குளிச்சு, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரியே சேலை கட்டிக்கிட்டு வந்து உக்காருவேன். நான் எதிர்பாக்குற மாதிரி விலை வரணும். வராது. பத்து மணி, பதினொண்ணு, ஒரு மணி. வராது. பூண்டு உரிப்பேன். வராது. மூன்றரைக்கு மூடிட்டு எந்திரிப்பேன். அன்னிக்கு நான் செஞ்ச வேலை, ஒண்ணும் செய்யாம இருந்ததுதான். யாருகிட்டப் போயி இத வேலைன்னு சொல்றது? கார்த்திகை மாசம் முழுசும் அப்படித்தான் போச்சு. வந்ததும் போனதும் சரியாப் போச்சு, கையில ஒரு பைசா மிஞ்சல. உக்காந்து உக்காந்து உடம்பு ஊதுதேன்னு கயிறு தாண்ட ஆரம்பிச்சேன்.

அந்த நேரமாப் பாத்துப் பூரணம் மதினி வந்தாக. கார்த்திகை தீபத்தன்னிக்கு, பட்டப்பகல் பதினோரு மணி. நான் ஹால்ல கயிறு தாண்டிக்கிட்டு இருக்கேன்.

"இதுதான் நீ பாக்குற வேலையா?"

"ஆமா மதினி, விலைக்காகக் காத்திருக்கேன்."

"என் தம்பி அங்க மை நாத்தத்துல நிக்கான், நீ இங்க குதிச்சுக்கிட்டு இருக்க!"

மதினி போன பிறகு கயித்தச் சுருட்டி வச்சுட்டேன். சாயங்காலம் அவருகிட்டச் சொல்லி அழுதேன். "மதுரைக்கே போயிரட்டுமா?"ன்னு கேட்டேன். அவரு கையில ஒட்டியிருந்த மைய மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. எனக்குக் கோவம். ஒரு ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன் பாருங்கன்னு.

இப்பக் கேளுங்க, சந்தோஷமான கதை. பட்ஜெட் நாள்! அன்னிக்கு மார்க்கெட் சாமி வந்த மாதிரி ஆடும். மதினியும் காலையிலயே வந்து உக்காந்துட்டாக, அவங்க வீட்டு டிவி ரிப்பேரு. டிவியில பேச்சு ஓடுது. ஏறும்னு எனக்குத் தோணுச்சு, அளவா வாங்குனேன். கையோட ஸ்டாப் லாஸும் போட்டேன். லேசா ஏறுச்சு. பிறகு இறங்குச்சு. இறங்கி, நான் போட்ட இடத்தத் தொட்டு, டிங்குன்னு ஒரு சத்தம். வித்துருச்சு. ரெண்டு பேரு ஓட்டல்ல நல்லாச் சாப்பிடுற காசு போச்சு. போனைக் கவுத்தி வச்சுட்டு அப்பளம் பொரிக்கப் போயிட்டேன்.

அப்பளத்தோட வந்து பாக்கேன், மார்க்கெட்ட மாடியில இருந்து தள்ளிவிட்ட மாதிரி விழுந்துக்கிட்டு இருக்கு! கோடு நேரா கீழ போகுது. நிக்கவே இல்ல. ஜூன் மாசத்து ஜெயக்கனியா இருந்தா அன்னிக்கு இன்னும் வாங்கு, இன்னும் வாங்குன்னு வாங்கி, பேங்க்குல கிடக்குற பாதியையும் எடுத்துப் போட்டு, எல்லாம் போயிருக்கும் க்கா. எல்லாம்! நான் முன்னாடியே வித்துட்டு வெளிய நிக்கேன். கையில அப்பளம் வச்சுக்கிட்டு வெளிய நிக்கேன்!

எனக்குத் தலைகால் புரியல. தட்ட வச்சுட்டு, உக்காந்திருந்த மதினிய அப்படியே இடுப்பப் பிடிச்சுத் தூக்கி ஒரு சுத்து சுத்திட்டேன். எழுபது கிலோ!

"இறக்கி விடுடீ கிறுக்கி! என்னடீ, ஜெயிச்சுட்டியா?"

"தோத்துட்டேன் மதினி!"

"பிறகு எதுக்குடீ ஆடுற?"

"கொஞ்சமாத் தோத்துட்டேன் மதினி! கொஞ்சூண்டு தோத்துட்டேன்!"

மதினிக்கு மூச்சு வாங்குது. ஒரு செம்புத் தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு, தம்பிக்குப் போன் போட்டாக. "உன் பொண்டாட்டிக்குத் தலைக்கு ஏறிருச்சுடா, காசத் தொலைச்சுட்டு என்னையத் தூக்கிக் குதிக்கா!"ன்னு. எவ்வளவு போச்சாம்னு அவரு கேட்டிருக்காரு. மதினி என்கிட்டக் கேட்டுச் சொன்னாக. போன்ல அவரு சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. சாயங்காலம் வரும்போது அரைக் கிலோ பால்கோவா வாங்கிட்டு வந்தாரு. எதுக்குன்னு தெரியல, அக்கா வந்திருக்காகன்னு வாங்கியிருப்பாரு. ஆனா முதல் துண்டு என் வாயிலதான் வச்சாரு. நான்தான் பக்கத்துல நின்னேன், அதனால இருக்கும்.

அதுக்குப் பிறகு எனக்கு மார்க்கெட்டப் பாத்துப் பயம் போயிருச்சு. பிப்ரவரி நல்லா இருந்துச்சு. மார்ச்சு அத விட நல்லா இருந்துச்சு. வருஷக் கடைசியில உக்காந்து பாத்தா, ஜூன் மாசத்து ஓட்டையெல்லாம் அடைச்சு, வீட்டுச் செலவுக்கு எடுத்ததையும் சேத்தா, பள்ளிக்கூடத்துல வாங்குன சம்பளத்தை விடக் கொஞ்சம் கம்மியா வந்திருந்துச்சு. கொஞ்சந்தான் கம்மி! நம்புவீங்களா க்கா? ஒரு வருஷம் கண்ணு எரிய எரிய வேலை பாத்து, பழைய சம்பளத்துக்குப் பக்கத்துல வந்துட்டேன்! சிரிக்காதீங்க. நாட்டுல எத்தனை பேரு இதுல இருக்குறதையும் விட்டுட்டுப் போறாங்க தெரியுமா?

சரி, ஜெயிச்சாச்சு. மதுரைப் பள்ளிக்கூடத்துல இடம் வச்சிருப்பாகளே, நேர்ல போயி மரியாதையா வேண்டாம்னு சொல்லிரணும்னுதான் இன்னிக்குக் கிளம்புனேன். நேத்தெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன். 'ஐயா, தங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் நான் ஒரு தொழிலில் இருக்கிறேன்'ன்னு ஒரு பத்து வரி. காலையில பத்து மணிக்கெல்லாம் தாளாளர் அறையில போயி உக்காந்துட்டேன். வயசான மனுஷன், காபியெல்லாம் குடுத்தாரு. நான் எந்திரிச்சு நின்னு, "ஐயா, தங்கள் அன்புக்கு"ன்னு ஆரம்பிக்கிறேன்.

"நீங்க எந்த ஜெயக்கனி? சாத்தூரா? உங்க வீட்டுக்காரரு போன் பண்ணிட்டாரேம்மா"ன்னாரு.

"எப்ப?"

"அது ஆச்சு அஞ்சு மாசம். கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு. 'அவளுக்கு வேலை இருக்கு சார், அவ வர மாட்டா, வேற ஆளப் போட்டுக்கோங்க'ன்னு சொன்னாரு. தை மாசமே ஒரு பையனப் போட்டாச்சேம்மா. அந்தா, கிரவுண்டுல நிக்கான் பாருங்க."

எனக்கு முதல்ல வந்துச்சே ஒரு கோவம்! என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம்? என் வேலை, என் ஒரு வருஷம், நான் போட்ட சட்டம்! விறுவிறுன்னு வெளிய வந்து ரோட்டுல நிக்கேன், போன எடுத்துத் திட்டணும்னு. எடுத்த போனு கையிலயே இருக்கு க்கா. கார்த்திகை மாசம். கையில ஒரு பைசா மிஞ்சாத மாசம். மதினி திட்டிட்டுப் போனதுக்கு நான் அழுத அழுகைக்கு மறுநாளு. அன்னிக்குப் போயி, அவளுக்கு வேலை இருக்குன்னு சொல்லியிருக்காரு.

அங்கயே ரோட்டுல நின்னு சிரிச்சேன். ஆட்டோக்காரரு "எங்கம்மா போகணும்?"னு கேக்காரு, பதில் சொல்ல முடியல. சிரிப்புதான் வருது. கண்ணுல தண்ணி வேற. இப்ப வரைக்கும் நிக்கல பாருங்க.

ஒண்ணுதான் க்கா எனக்கு விளங்கல. நான் ஜெயிப்பேன்னு அப்பவே அவருக்கு எப்படித் தெரிஞ்சது? அவருக்குத்தான் மார்க்கெட்டப் பத்தி ஒண்ணுமே தெரியாதே!

ஏன் க்கா இப்படிச் சிரிக்கீங்க? நான் என்ன சொல்லிட்டேன்? சொல்லுங்களேன். சொல்ல மாட்டீங்களா?

அந்தா விருதுநகர் வருது. க்கா, உங்க பையப் பிடிங்க. நான் இறங்கணும். சாத்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன், இருக்கட்டும். இங்க இறங்குனா சிவகாசி பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டு மணிக்கு அவங்களுக்குச் சாப்பாட்டு நேரம். இருபத்தஞ்சு வருஷத்துல அந்த அச்சாபீஸ் வாசலுக்கு நான் ஒரு நாளும் போனதில்ல. எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது, கேட்டுக் கேட்டுத்தான் போகணும்.

என்ன சொல்லப் போறேனா? தெரியல க்கா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நினைக்கேன். வாசல்ல நிப்பேன். அவரு டிபன் பாக்ஸத் தூக்கிக்கிட்டு வெளிய வருவாரு, என்னையப் பாத்ததும் பதறிப் போயி, "எவ்வளவு போச்சு ஜெயா?"ன்னு கேப்பாரு பாருங்க, அந்த முகத்தப் பாக்கணும் எனக்கு.

கண்டக்டர் தம்பி, இருப்பா, ஒரு ஆள் இறங்கணும்!